விலைவாசி இறங்கிடுச்சாம், அப்பாவோட வட்டியும் இறங்கிடுச்சு

இந்த எபிசோட் ஒரு கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்குது. கேட்டது லிசனர் இல்ல, எங்க அப்பா.

2025 நவம்பர் 12, புதன்கிழமை. சாயங்காலம் டிவில செய்தி ஓடிட்டிருந்தது. அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம், இந்தக் குறியீட்டு வரிசையிலேயே இதுதான் மிகக் குறைவு அப்படின்னு வாசிச்சாங்க. அப்பா மடியில வரவு செலவு நோட்டு. ரிட்டயர் ஆனதிலேர்ந்து தினமும் எழுதுறார். பால், கீரை, பஸ் டிக்கெட்னு ஒண்ணு விடமாட்டார். டிவியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "கால் சதவீதம்னா ஒண்ணுமே இல்லைன்னுதானேம்மா அர்த்தம்? அப்போ என் நோட்டுல ஏன் எதுவும் குறையல?"

நான் பொருளாதாரம் படிச்சவ. ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்னு நினைச்சேன். சொல்லி முடிக்க ரெண்டு நாள் ஆச்சு. அந்த ரெண்டு நாளும்தான் இந்த எபிசோட்.

முதல்ல சுலபமான பகுதி. பணவீக்கம் என்பது விலை இல்லை, விலை ஏறும் வேகம். தாம்பரத்துல கிளம்பின பஸ் கிண்டி டிராஃபிக்ல மாட்டி ஊர்ந்து போகுதுன்னு வைங்க. வேகம் குறைஞ்சதால அது திரும்பத் தாம்பரம் போகுதுன்னு யாரும் சொல்ல மாட்டோம். விலையும் அப்படித்தான். 0.25 சதவீதம்னா, போன வருஷம் அக்டோபர்ல எங்க நின்னதோ கிட்டத்தட்ட அங்கேயே நிக்குது. ஆனா போன வருஷம் அது எங்க நின்னது? அதைத்தான் செய்தியில சொல்றதில்லை.

காய்கறியை எடுத்துக்கோங்க. 2025 அக்டோபர்ல காய்கறி விலை முந்தைய வருஷத்தைவிட 27.57 சதவீதம் குறைவு. கேட்க எவ்வளவு நல்லா இருக்கு! ஆனா 2024 அக்டோபர்ல அதே காய்கறி 42.18 சதவீதம் ஏறியிருந்தது. கணக்குப் போடுங்க. 2023-ல 100 ரூபாய்க்கு வாங்கின காய் 2024-ல 142 ரூபாய். அதுல 27 சதவீதம் கழிச்சா 2025-ல 103 ரூபாய். அதாவது ரெண்டு வருஷம் சுத்திட்டுப் புறப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் மேல வந்து நிக்குது. நடுவுல அந்த 142 ரூபாய் கொடுத்த மாசங்கள்ல போன காசு போனதுதான்.

காய்கறியாவது ஏறும், இறங்கும். இறங்கவே தெரியாத சில சாமான்கள் இருக்கு. அப்பா நோட்டுல அதைப் பார்த்தேன். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் அரை லிட்டர், கார்டு இல்லாதவங்களுக்கு 24 ரூபாயா இருந்தது, 2022 நவம்பர்ல 30 ஆச்சு. அதுக்கப்புறம் பணவீக்கம் எத்தனையோ தடவை கீழ வந்துடுச்சு, பால் 24-க்கு வரல. சிலிண்டர் 2020 ஜூலைல சென்னையில 610 ரூபாய். 2023 மார்ச்ல 1,118 வரைக்கும் போச்சு. அப்புறம் ரெண்டு தடவை குறைச்சாங்க, ஒரு தடவை கூட்டினாங்க, 2025 ஏப்ரல்ல 868-ல வந்து நின்னது. குறைஞ்சதுன்னு சொன்னா பொய் இல்ல, ஆனா 610-ஐப் பார்த்த நோட்டு அதை ஒத்துக்காது.

அப்பா அடுத்து கேட்டது: "இந்தக் கணக்கு யார் வீட்டு நோட்டை வச்சுப் போடுறாங்க?"

நல்ல கேள்வி. யார் வீட்டு நோட்டும் இல்ல, எல்லார் வீட்டு நோட்டும்தான். 2025-ல் தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் ஆட்கள் 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலை எடுத்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடை உண்டு. அப்போது நடப்பில் இருந்த, 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் உணவு, பானங்களின் எடை 45.86 ஆக இருந்தது. கிராமத்துக்கு மட்டும் எடுத்தால் 54.18, நகரத்துக்கு மட்டும் 36.29. வீட்டு வாடகைக்கு நகரத்தில் 21.67. கல்விக்கு, நாடு முழுக்கச் சேர்த்து, வெறும் 4.46. மருத்துவத்துக்கு 5.89.

இந்தக் கூடை 2011-12-ல் குடும்பங்கள் எதற்குச் செலவு செய்தன என்ற கணக்கெடுப்பில் இருந்து வந்தது. அப்போ ஸ்மார்ட்போன் ரீசார்ஜ் எத்தனை வீட்டுல இருந்தது?

சரி, இப்போ உங்க வீட்டை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பிள்ளைங்க பிரைவேட் ஸ்கூல்ல படிச்சா, ஃபீஸ் செலவுல 4.46 சதவீதம்தானா? எங்க வீட்ல அம்மாவுக்குச் சுகர், அப்பாவுக்குப் பிரஷர். மருந்து பில் 5.89 சதவீதத்துக்குள்ள என்னைக்குமே அடங்கினதில்லை. 2025 அக்டோபர்ல உணவு விலை மட்டும் 5 சதவீதம் இறங்கினதாலதான் மொத்தக் கணக்கு கால் சதவீதத்துக்கு வந்தது. கல்வியும் மருத்துவமும் அப்பவும் 3 சதவீதத்துக்கு மேல ஏறிட்டுத்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பெரும்பங்கு செலவழிக்கிற வீட்டுக்கு அந்த மாசம் நிஜமாகவே மூச்சு விட இடம் கிடைச்சது. ஃபீஸும் மாத்திரையும் வாங்குற வீட்டுக்குக் கிடைக்கல. அரசாங்கம் பொய்க்கணக்கு சொல்லுதுன்னு வாட்ஸ்அப்ல வர்றதை நான் ஏத்துக்கல. சராசரி எப்பவும் சராசரிதான், அவ்வளவுதான் விஷயம்.

எங்க வீட்ல வேலைக்கு வர்ற அக்கா கதையும் வேற. ரேஷன்ல அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தையில பருப்பு என்ன ஆட்டம் ஆடினாலும் அந்த ஒரு கிலோ அசையாது. 2023 ஜூலைல தக்காளி நூறைத் தாண்டினப்போ சென்னையில சில ரேஷன் கடைகள்ல 60 ரூபாய்க்கு வித்தாங்க. அக்கா காலைல போய் வரிசையில நின்னு வாங்கிட்டு வந்து, "உங்களுக்கு ஏன் கண்ணு இதெல்லாம் தெரியல"ன்னு சிரிச்சாங்க. ஆனா அந்தக் கவசத்துக்கு வெளியே வந்துட்டா அவங்க நிலைமை எங்களைவிட மோசம். எண்ணெய் ஒரு லிட்டரா வாங்கக் காசு சேராத மாசத்துல சின்னச் சின்னப் பாக்கெட்டா வாங்கணும், கிராமுக்கு அதிக விலை கொடுக்கணும். குடும்பச் செலவு ஒரே தொகையா தெரியும். அதுக்குள்ள வாங்குற விதமே ஒரு விலை.

இதுவரை செலவுப் பக்கம். அப்பாவுக்கு நிஜமா வலிச்சது வரவுப் பக்கம்.

அப்பா ஒரு பிரைவேட் கம்பெனியில வேலை பார்த்து 2020 ஜூன்ல 58 வயசுல ரிட்டயர் ஆனார். லாக்டவுன் நேரம். பி.எஃப். பணத்துல 10 லட்சத்தை எடுத்து, பேங்க்ல 5 வருஷ எஃப்.டி. போட்டார். வட்டி 5.4 சதவீதம். அந்தச் சமயத்துல எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட அதுதான் கிடைச்சது. கொரோனாவுக்காக ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்துக்கு இறக்கியிருந்தது. கடன் வாங்குறவங்களுக்கு வட்டி குறைஞ்சா, டெபாசிட் போட்டவங்களுக்கும் குறையும். அது ஒரே குழாய்த் தண்ணி.

வருஷத்துக்கு வட்டி 54,000. மாசத்துக்கு 4,500. அதை எடுத்துத்தான் குடும்பச் செலவு. 2025-ல எஃப்.டி. முதிர்ந்து 10 லட்சம் பத்திரமா கைக்கு வந்துடுச்சு. "ஒரு பைசா குறையல பார்"னு சந்தோஷமா சொன்னார்.

குறைஞ்சிருக்கு. இந்தியாவில் சராசரிச் சில்லறைப் பணவீக்கம் 2020-21-ல் 6.2 சதவீதம், அடுத்தடுத்த ஆண்டுகளில் 5.5, 6.7, 5.4, 4.6. இதை ஒன்றன் மேல் ஒன்றாகப் பெருக்கினால், 2019-20-ல் 100 ரூபாய்க்கு வாங்கியது 2024-25-ல் சுமார் 132 ரூபாய். அந்தக் கணக்கில் அப்பா கையில் வந்த 10 லட்சம், அவர் போட்ட காலத்துப் பணத்தில் 7 லட்சத்து 58 ஆயிரம்தான். பாஸ்புக் எந்த இடத்துலயும் இதைக் காட்டாது. திருடு போனா போலீஸுக்குப் போவோம். இதுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். கூட வர்றதில்லை.

இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நான் வட்டியை எடுத்துச் சாப்பிட்டேன்னு நினைச்சேன், முதலையும் சேர்த்துத்தான் சாப்பிட்டிருக்கேன்"னு சொன்னார். அஞ்சு வருஷம் எகனாமிக்ஸ் படிச்ச நான் இவ்வளவு தெளிவா சொன்னதில்லை.

இன்னொரு கசப்பான விஷயமும் அன்னைக்குத்தான் தெரிஞ்சது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்னு தபால் ஆபீஸ்ல ஒண்ணு இருக்கு. 60 வயசு ஆனவங்களுக்குன்னு நினைச்சு நாங்க விட்டுட்டோம். ஆனா 55-லேர்ந்து 60-க்குள்ள ரிட்டயர் ஆனவங்களும், ஓய்வுப் பணம் வந்த ஒரு மாசத்துக்குள்ள போட்டா சேரலாம்ங்கறது அப்போ இருந்த விதி. பின்னாடி 2023-ல அந்தக் கெடுவை மூணு மாசமாக்கினாங்க. 2020 ஜூலைல அங்க வட்டி 7.4 சதவீதம். 10 லட்சத்துக்கு வருஷம் 20,000 வித்தியாசம், அஞ்சு வருஷத்துல ஒரு லட்சம். பேங்க் கவுண்டர்ல இருந்தவர் சொல்லல. சொல்றது அவர் வேலையும் இல்ல. அதே ஆள் ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பத்தி மட்டும் அரைமணி நேரம் சொன்னார்ங்கறது வேற விஷயம்.

எங்க பெரியப்பா அரசுப் பள்ளியில ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், பழைய பென்ஷன்காரர். இவங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் பணவீக்கம்னா என்னன்னு முழுசா புரியும்.

பெரியப்பா பென்ஷனில் அகவிலைப்படி உண்டு. விலைக் குறியீடு ஏற ஏற, ஆண்டுக்கு இரண்டு முறை அது திருத்தப்படும். மத்திய அரசு 2020 தொடக்கத்தில் 17 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. கொரோனாவில் ஒன்றரை வருடம் நிறுத்திவைத்தது. பிறகு படிப்படியாக ஏறி 2025 ஜூலைக் கணக்குக்கு 58 சதவீதம். தமிழக அரசும் இதே பாதையில்தான் போகிறது. அடிப்படை பென்ஷன் 30,000 என்று வையுங்கள். 17 சதவீதத்தில் 35,100 வந்தது, 58 சதவீதத்தில் 47,400 வரும். 35 சதவீத உயர்வு. விலை 32 சதவீதம் ஏறிய காலத்தில் அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார், ஒரு அடி முன்னாலும்.

அப்பாவுக்கு இ.பி.எஸ். பென்ஷன், மூவாயிரத்துச் சொச்சம். 2020-ல என்னவோ 2025-லயும் அதுவே. அதுக்கு அகவிலைப்படி கிடையாது. அந்தத் திட்டத்துல குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய்னு 2014-ல நிர்ணயிச்சாங்க. பத்து வருஷம் தாண்டியும் அதே 1,000. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, தமிழ்நாட்டு மின்கட்டணத்தை வருஷாவருஷம் விலைக் குறியீட்டோட சேர்த்து ஏத்தலாம்னு ஒழுங்குமுறை ஆணையம் 2022-லயே வழி வச்சுடுச்சு. 2024-ல 4.83 சதவீதம் ஏத்தினப்போ அது அப்படியே குறியீட்டுல இருந்து எடுத்த எண். கரண்ட் பில்லுக்குக் குறியீடு தெரியும், பிரைவேட் பென்ஷனருக்கு அது தெரியாது.

எல்லாருக்கும் விலை ஒண்ணுதான். ஆனா யாரோட வரவு விலையோட சேர்ந்து நடக்குது, யாரோடது நட்டுவச்ச கல்லு மாதிரி நிக்குது, அதுலதான் வாழ்க்கை பிரியுது. நாம தினமும் பார்க்குற உதாரணம் ஒண்ணு இருக்கு. சென்னையில ஆட்டோ கட்டணத்தை அரசு நிர்ணயிச்சது 2013 ஆகஸ்ட்ல. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அப்போ பெட்ரோல் 75 ரூபாயை ஒட்டி இருந்தது, இப்போ 100-ஐத் தாண்டி நிக்குது. பத்து வருஷத்துக்கு மேல அந்தக் கட்டணத்தைத் திருத்தவே இல்ல. மீட்டர் போடலைன்னு நானும் சண்டை போட்டிருக்கேன். இப்பவும் போடுவேன். ஆனா 2013 சம்பளத்துக்கு இன்னைக்கு வேலைக்கு வான்னு என்னைக் கூப்பிட்டா நான் என்ன சொல்லியிருப்பேன்னும் தோணுது.

சம்பளம் வாங்குற நமக்கும் இதே அளவுகோல்தான். 2022-23-ல 40,000 சம்பளத்துக்கு 6 சதவீத இன்கிரிமென்ட் கிடைச்சிருந்தா 42,400. அந்த வருஷ விலையோட ஈடுகட்டவே 42,680 வேணும். நீங்க ட்ரீட் வச்சிருப்பீங்க, ஆனா வருமானம் குறைஞ்சிருக்கு.

கடன் இருந்தா பணவீக்கம் நல்லது, திருப்பிக் கொடுக்கிற ரூபாய்க்கு மதிப்பு குறைவுதானேன்னு பாடப்புத்தகம் சொல்லும். வட்டி மாறாத கடனுக்கு அது சரி. நம்ம ஊர் வீட்டுக்கடன் பெரும்பாலும் மாறும் வட்டி. 2022 ஏப்ரல்ல பணவீக்கம் 7.79 சதவீதம் தொட்டதும், ரிசர்வ் வங்கி மே மாசம் ஆரம்பிச்சு 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போவை 4-லேர்ந்து 6.5-க்கு ஏத்தினது. 30 லட்சம், 20 வருஷக் கடன், 7 சதவீதம்னா ஈ.எம்.ஐ. 23,259. அதுவே 9.5 ஆனா 27,964. நிறைய பேருக்கு ஈ.எம்.ஐ. ஏறாம வருஷம் கூடிடுச்சு, அதனால உடனே உறைக்கல. 2022-23-ல இந்தியக் குடும்பங்களோட நிகர நிதிச் சேமிப்பு நாட்டு உற்பத்தியில சுமார் 5 சதவீதத்துக்கு விழுந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி 11-க்கு மேல இருந்தது. லாக்டவுன்ல செலவழிக்க வழியில்லாம சேர்ந்ததும் அந்த 11-ல உண்டு, மக்கள் கடன் வாங்கி வீடு, வண்டி வாங்கினதும் அந்த 5-ல உண்டு. எல்லாப் பழியையும் விலைவாசி மேல போட முடியாது.

இப்போ அப்பாவோட முதல் கேள்விக்குத் திரும்புறேன். பணவீக்கம் குறைஞ்சதால அவர் நோட்டுல ஒண்ணு நிஜமாவே குறைஞ்சது. வட்டி. விலைவாசி அடங்கிடுச்சுன்னு 2025 பிப்ரவரியில ஆரம்பிச்சு ஜூனுக்குள்ள ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.5-லேர்ந்து 5.5-க்கு இறக்கினது. பேங்க் எஃப்.டி. வட்டியும் கூடவே இறங்கிடுச்சு. 2025-ல பால் 30-லயே நின்னது, சிலிண்டர் 868-ல நின்னது, டெபாசிட் வட்டி மட்டும் செய்தியை உடனே கேட்டுடுச்சு. ரிசர்வ் வங்கி செஞ்சது தப்புன்னு நான் சொல்ல வரல. 4 சதவீதம் இலக்கு, கூடக்குறைய 2 சதவீதம்னு சட்டம் அவங்களுக்கு வேலை கொடுத்திருக்கு. அந்த வேலைக்குள்ள ரிட்டயர் ஆன பிரைவேட் கம்பெனிக்காரருக்குன்னு தனி இடம் இல்ல.

அம்மா இதையெல்லாம் கேட்டுட்டு ஒரே வரியில முடிச்சாங்க: "அன்னைக்கே தங்கமா வாங்கியிருந்தா?"

உண்மைதான். 2025 அக்டோபர்ல சவரன் 90,000-ஐத் தாண்டினது. ஆனா அம்மா மறந்த வருஷங்கள் இருக்கு. 2012 கடைசியிலேர்ந்து 2018 வரைக்கும் சவரன் 24,000-க்கு மேல பெருசா ஏறவே இல்ல. ஆறு வருஷம் எல்லா விலையும் ஏறினப்போ தங்கம் தூங்கினது. நகையா வாங்கினா செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. வேற. தங்கம் பணவீக்கத்தை ஜெயிக்கும்னு சொல்றது சரி, எந்த வருஷம் ஜெயிக்கும்னுதான் யாராலயும் சொல்ல முடியாது. ஷேர் மார்க்கெட்டும் அப்படியே. 25 வயசுல இருக்கிற உங்களுக்குக் காத்திருக்க நேரம் இருக்கு. 63 வயசுல அடுத்த மாச மாத்திரைக்குப் பணம் வேணும். "எஃப்.டி.ல உங்க பணம் அழுகுது"ன்னு பயமுறுத்துற ரீல்ஸை அப்பா அம்மாவுக்கு ஃபார்வர்டு பண்ணாதீங்க, ப்ளீஸ். கணக்கு சரி, ஆனா அதுக்கப்புறம் அவங்களுக்கு விக்கப்போற சாமான் பெரும்பாலும் சரியில்ல.

கடைசியில என்ன செஞ்சோம்? முதிர்ந்த 10 லட்சத்தை அந்த மூத்த குடிமக்கள் திட்டத்துல போட்டாச்சு. இப்போ வட்டி 8.2 சதவீதம், அஞ்சு வருஷத்துக்கு மாறாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை 20,500 வரும். விலை வருஷம் 4 சதவீதம் ஏறும்னு வச்சா, முதலோட மதிப்பைக் காப்பாத்த வருஷம் 40,000 எடுத்து வைக்கணும். அவ்வளவு முடியாது, செலவு இருக்கு. மூணு மாசத்துக்கு 5,500 தொடாம வைக்கலாம்னு அப்பா நோட்டுல தனிப் பக்கம் போட்டிருக்கார். தலைப்பு, "முதலுக்குத் தீனி".

அந்த 5,500-ஐ ஆர்.டி.ல போடணும்ங்கறார் அப்பா, நகைச்சீட்டுல போடணும்ங்கறாங்க அம்மா. நேத்து ராத்திரி நான் இந்த எபிசோட் ரெக்கார்டு பண்ண மாடிக்கு வந்தப்பவும் கீழ அதே பேச்சுதான் ஓடிட்டிருந்தது.